சாந்து இறுகும் முன்னே: கொத்தனார் கருவிகளைக் கழுவவும் காக்கவும் முழு வழிகாட்டி

மாலை நாலரை மணி வெயில் சுவரில் சாய்ந்து விழும்போதுதான் பூச்சின் உண்மை தெரியும். உச்சி வேளையில் பளிங்கு போலத் தெரிந்த சுவரில் நெடுக ஒரு மெல்லிய கீறல் ஓடியிருக்கும். ஒரு முழம் தள்ளி அதே மாதிரி இன்னொன்று. மணலைச் சரியாகச் சலிக்கவில்லை என்பார்கள், கலவையில் கல் கிடந்தது என்பார்கள். கரணையைத் திருப்பிப் பாருங்கள். அலகின் ஓரத்தில் கடுகளவு பழைய சிமெண்ட் ஒட்டிக்கொண்டிருக்கும், நேற்றுக் கழுவாமல் விட்டது. அத்தனை கீறலும் அது போட்டதுதான்.

நான் வேலை பழகிய காலத்தில் எங்கள் மேஸ்திரி காலையில் வந்ததும் என்னிடம் எதுவும் பேச மாட்டார். கையை நீட்டுவார், கரணையைக் கொடுக்க வேண்டும். கட்டை விரல் நகத்தை அலகின் ஓரத்தில் நுனியிலிருந்து கழுத்து வரை மெல்ல ஓட்டுவார். எங்காவது நகம் தடுக்கினால் கரணை என் கைக்குத் திரும்பிவிடும். அன்று காலை முழுக்க எனக்குக் கலவை போடும் வேலைதான், சுவர்ப் பக்கம் போக முடியாது. அந்த நகச் சோதனையை இன்றும் நான் விடவில்லை. கருவியைக் கழுவுவது கருவி நெடுநாள் உழைப்பதற்காக என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முதலில் அது நாளைக்குப் பூசப்போகிற சுவருக்காக.

சிமெண்ட் எவ்வளவு நேரம் தரும்?

சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு ஐ.எஸ். 269 என்கிற இந்தியத் தரநிலை சொல்வது இதுதான்: தண்ணீர் பட்ட பிறகு குறைந்தது 30 நிமிடம் வரை இறுகத் தொடங்கக் கூடாது, அதிகபட்சம் 600 நிமிடத்துக்குள், அதாவது 10 மணி நேரத்துக்குள், இறுகி முடிந்துவிட வேண்டும். ஆய்வகத்தில் கணக்கான சூட்டில் அளப்பது இது. சித்திரை வெயிலில் அலகின் மேல் தாள் கனத்துக்கு ஒட்டியிருக்கும் சாந்து அவ்வளவு நேரம் காத்திருக்காது. டீ குடித்துவிட்டு வருவதற்குள் பிடித்துவிடும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சாந்து ‘காய்கிறது’ என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது காய்ந்து கெட்டியாவதில்லை. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து வேறு பொருளாக மாறி இறுகுகிறது. தண்ணீருக்குள்ளேயே கிடந்தாலும் இறுகும். ‘காலையில் கழுவிக்கொள்ளலாம்’ என்று கருவிகளைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டுப் போகிற பழக்கம் பல சைட்டில் இருக்கிறது. தொட்டியின் அடியில் படிந்த சிமெண்ட் வண்டல் ராத்திரியோடு ராத்திரியாக அலகைச் சுற்றி இறுகிப்போகும். கைப்பிடி மரம் ஊறி உப்பி, பிறகு உலர்ந்து சுருங்கும்போது ஆட்டம் கண்டுவிடும். ஒரே இரவில் இரண்டு கெடுதல்.

வேலை நடக்கும்போதே

மாலைக் கழுவலில் பாதி வேலை பகலிலேயே முடிந்திருக்க வேண்டும். நிற்கிற இடத்தில் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துண்டுத் துணியும் இருக்கட்டும். சாரத்தின் மேல் நின்றாலும் அப்படித்தான். ஒவ்வொரு சட்டிச் சாந்து தீரும்போதும் கரணையை ஒரு முறை முக்கி, அலகின் மேல்பக்கத்தை வழித்துவிடுங்கள். அடிப்பக்கம் சுவரில் தேய்ந்து தேய்ந்து தானே சுத்தமாக இருக்கும். சாந்து சேர்வது மேல்பக்கத்திலும், அலகும் கம்பியும் சேருகிற கழுத்திலும்தான். கழுத்தில் ஒரு நாள் விட்டது மறுநாள் இன்னொரு பொருக்கைப் பிடித்து வைக்கும். ஒரு மாதத்தில் அங்கே புளியங்கொட்டை அளவுக்குக் கட்டி வளர்ந்து, கரணையின் எடையே மாறிப்போகும். மணிக்கட்டு வலிக்கிறது என்று சொல்பவர்களின் கரணையைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். சில சமயம் காரணம் அங்கேதான் இருந்தது.

டீ இடைவேளையிலும் சாப்பாட்டு நேரத்திலும் எல்லாவற்றையும் கழுவிவிட்டுத்தான் உட்கார வேண்டும். இரண்டு நிமிட வேலை.

மாலைக் கழுவல்

கடைசிச் சட்டி கலக்கும்போதே தண்ணீரைத் தயார் செய்துவிடுங்கள். இரண்டு பாத்திரம் வேண்டும். ஒன்று முதல் கழுவலுக்கு, இன்னொன்று நல்ல தண்ணீர். ஒரே தொட்டியில் கழுவினால், கலங்கிய சிமெண்ட் பால் எல்லாக் கருவியிலும் மெல்லிய படலமாகப் படிந்து, உலர்ந்ததும் வெள்ளை பூத்து நிற்கும்.

முதலில் தண்ணீர் இல்லாமல், மரச்சில்லாலோ மூங்கில் பத்தையாலோ ஒட்டியதை வழித்தெடுங்கள். பிறகு முதல் தண்ணீரில் முக்கி, தேங்காய் நாரில் கொஞ்சம் மணல் தொட்டுத் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ்ஷைப் பூச்சுக் கரணையின் அலகில் வைக்கவே கூடாது. அது போடுகிற நுண்ணிய கோடுகளுக்குள் மறுநாள் சாந்து புகுந்து பிடித்துக்கொள்ளும். மண்வெட்டிக்கும் சட்டிக்கும் கம்பி பிரஷ் போடலாம். கடைசியாக நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

எதை முதலில் கழுவுவது என்பதற்கும் ஒரு வரிசை உண்டு. அலுமினியத்தால் ஆனது எதுவோ அதுதான் முதலில்: மட்டம் பார்க்கும் நீளச் சட்டம், குமிழி பார்த்து மட்டம் பிடிக்கும், அலுமினியச் சட்டமுள்ள ரசமட்டம். ஈரச் சிமெண்ட் கடுமையான காரம், அதன் பி.எச். 12-க்கு மேல். இரும்பு அந்தக் காரத்தைத் தாங்கிக்கொள்ளும், அலுமினியம் தாங்காது. சாந்து ஒட்டிய இடத்தில் பொடிப்பொடிக் குமிழி விட்டு, கறுத்து, அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்துவிடும். குழி விழுந்த சட்டத்தை வைத்து இழுத்தால் சுவர் மட்டமாக வராது. அடுத்துக் கரணைகள், பிறகு பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்துகிற மணியாசுக் கட்டை, ஸ்பாஞ்சு, நூல். சட்டியும் மண்வெட்டியும் கடைசியில்.

பல சைட்டில் இந்தக் கழுவல் சித்தாள் தலையில்தான் விழுகிறது, அதுவும் வெறுங்கையோடு. அந்தக் காரம் மாலை முழுக்க ஒருவர் கையில் ஊறினால் என்ன ஆகும்? விரலிடுக்கில் தோல் வெடிக்கும், நகக்கண் புண்ணாகும். சிமெண்டில் இருக்கும் குரோமியம் சிலருக்கு ஆயுசுக்கும் தீராத தோல் ஒவ்வாமையைக் கொண்டுவந்துவிடும். நீளமான ரப்பர் கையுறையின் விலையை ஒரு நாள் கூலியோடு வைத்துப் பாருங்கள், ஒன்றுமே இல்லை. வாங்கிக் கொடுங்கள். கையுறைக்குள் சாந்து போய்விட்டால் உடனே கழற்றிக் கையைக் கழுவ வேண்டும். உள்ளே அடைபட்ட சாந்து வெறுங்கையில் பட்டதைவிட மோசமாகப் புண்ணாக்கும். கழுவி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது நல்லது. என்னைக் கேட்டால் அவரவர் கரணையை அவரவரே கழுவ வேண்டும். கழுவும்போதுதான் அலகின் நெளிவும் கைப்பிடியின் ஆட்டமும் கைக்குத் தெரியும்.

அடுத்தது துடைப்பது. கழுவிய இரும்பை ஈரத்தோடு வைத்தால் காலையில் செம்மை படர்ந்திருக்கும். சிமெண்டின் காரம் இருக்கும்வரை இரும்பு துருவேறாமல் இருக்கும். அதைக் கழுவி எடுத்துவிட்டு வெறும் ஈரத்தை விட்டுவைத்தால் துரு உடனே வந்து உட்காரும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக் காற்று, உப்புப் போர்த்தண்ணீர் இரண்டும் சேர்ந்து இதை இரட்டிப்பாக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, பத்து நிமிடம் காற்றாட வைத்து, பிறகு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு அலகு முழுக்கப் பூசினால் போதும். வழிகிற அளவுக்கு வேண்டாம். பழைய எஞ்சின் ஆயில் சும்மா கிடைக்கிறது என்று அதைப் பூசுகிறவர்கள் உண்டு. அது கைக்கும் கெடுதல், சுவருக்கும் கெடுதல். மறுநாள் அந்தக் கறை பூச்சில் ஏறினால் அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காது.

கருவிக்குக் கருவி

மணியாசுக் கட்டை மரம் என்பதால் அதன் பாடு வேறு. கழுவியதும் வெயிலில் வைக்காதீர்கள், ஒரு பக்கம் மட்டும் உலர்ந்து வில்லாக வளைந்துவிடும். நிழலில் பக்கவாட்டில் நிறுத்தி வைத்தால் இரண்டு முகமும் ஒன்றாக உலரும். அதற்கு எண்ணெய் எதுவும் வேண்டாம். முகத்தைக் குறுக்கே ஒரு நேர்ச் சட்டம் வைத்து வாரம் ஒரு முறை பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் கட்டை தேய்ந்து குழிந்துவிட்டது. தச்சரிடம் கொடுத்து இழைப்புளி போட்டு வாங்கினால் இன்னும் சில மாதம் ஓடும். இழைக்க இழைக்கக் கட்டை மெலிந்து கையில் அதிர ஆரம்பித்தால் மாற்றிவிட வேண்டியதுதான்.

சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கிற தூக்குக் குண்டுதான் நான் அதிகம் கவலைப்படும் கருவி. நூலில் ஓடுகிற கட்டையின் அளவும் குண்டின் குறுக்களவும் ஒன்றாக இருப்பதில்தான் அதன் வேலையே இருக்கிறது. கட்டையைச் சுவரின் மேலே ஒட்டிப் பிடித்தால், கீழே குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். கட்டையின் விளிம்பில் 2 மில்லிமீட்டர் சாந்துப் பொருக்கு ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரான சுவரிலும் குண்டு 2 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். சுவர் மேலே வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நினைத்துச் செங்கல்லை உள்ளே தட்டுவீர்கள். நேராக இருந்த சுவர் அங்கேதான் கோணலாகும். எனக்கு இது நடந்திருக்கிறது. ஒரு படிக்கட்டுச் சுவரில் மூன்று வரி கட்டிய பிறகுதான் கட்டையைத் தடவிப் பார்த்தேன். மூன்று வரியையும் பிரித்துத் திரும்பக் கட்டினோம். பித்தளைக் குண்டையும் கட்டையையும் புளி போட்டுத் தேய்த்து உடனே அலசித் துடைத்துவிட்டால் புதிது போல இருக்கும். நூல் நைந்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

ரசமட்டத்தைத் தண்ணீரில் முக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைப்பதே போதும். அது கீழே விழுந்தாலோ, இல்லாவிட்டாலும் மாதம் ஒரு முறையோ, சோதித்துப் பாருங்கள். ஒரு திண்ணையின் மேல் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதே இடத்தில் இடவலமாகத் திருப்பி வைக்க வேண்டும். இரண்டு தடவையும் குமிழி திண்ணையின் ஒரே பக்கமாக, ஒரே அளவு தள்ளி நின்றால் மட்டம் சரி. மாறினால் பிசகு மட்டத்தில்தான், திண்ணையில் இல்லை.

மட்டநூலில் ஒட்டிய சாந்தைத் தண்ணீரில் உருவிவிட்டு, உலர்த்திக் குச்சியில் சுற்றுங்கள். பொருக்கோடு இருக்கிற நூல் கனத்தில் நடுவே தொய்யும். டேப்பை ஈரத்தோடும் மணலோடும் உள்ளே விடாதீர்கள், எண்கள் அழிந்துபோகும். அதன் முனைக் கொக்கி லேசாக ஆடுவது பழுது இல்லை, உள்ளளவும் வெளியளவும் சரியாக வருவதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அங்கே மணல் அடைத்தால் அந்த அளவு கெட்டுப்போகும்.

சட்டியில் இறுகியதைச் சுத்தியலால் தட்டி எடுப்பதை எங்கும் பார்க்கிறேன். ஒவ்வொரு அடியும் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில்தான் நாளைய சாந்து தங்கும். ஈரத்திலேயே கழுவிக் கவிழ்த்து வையுங்கள். சல்லடையைத் தண்ணீரில் கழுவ வேண்டாம், உலர்ந்த பிறகு கவிழ்த்துத் தட்டினால் போதும்.

உளிக்குச் சாந்து பெரிய எதிரி இல்லை. அதன் தலைதான் ஆபத்து. அடி வாங்கி வாங்கித் தலை காளான் குடை போல விரிந்து மடியும். அந்த மடிப்பிலிருந்து இரும்புச் சில் தெறித்துக் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். மடிப்புத் தெரிந்த அன்றே சாணை பிடித்து வழித்துவிடுங்கள். முனையைச் சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டும். சூட்டில் முனை நீலம் பாய்ந்துவிட்டால் பதம் போய்விட்டது. அதைத் திரும்பக் கொல்லன் பட்டறையில்தான் ஏற்ற முடியும். சுத்தியல் கைப்பிடி ஆடினால் தண்ணீரில் ஊறப்போடுவது அன்றைக்கு மட்டும்தான் நிற்கும். மரம் உப்பி நசுங்கி, உலர்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும். புது ஆப்பு அடியுங்கள், இல்லையென்றால் கைப்பிடியை மாற்றுங்கள். சாரத்தின் மேலிருந்து கழன்று விழும் சுத்தியல் கீழே நிற்பவர் தலையில்தான் விழும்.

இறுகிப்போன பிறகு

ஒரு நாள்தான் ஆகியிருக்கிறது என்றால் செங்கல் துண்டைத் தண்ணீரில் நனைத்து அலகோடு படுக்க வைத்துத் தேய்த்தாலே பெரும்பாலும் வந்துவிடும். அதற்கும் மசியாத மெல்லிய படலத்துக்கு வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி இரண்டு மணி நேரம் விட்டுத் தேய்க்கலாம். புளிக்கரைசலும் அதே மாதிரிதான். ஆனால் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்தாக வேண்டும், புளிப்பு மிச்சம் இருந்தால் இரும்பை அரிக்கும்.

சர்க்கரைத் தண்ணீருக்குச் சிமெண்ட் இளகும் என்பது உண்மை. அதில் கவனம் வேண்டும். நம் பழைய சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை ஊற்றித்தான் பூசினார்கள், அங்கே அது சுவரைக் கெட்டியாக்கியது. போர்ட்லேண்ட் சிமெண்டில் கதையே வேறு. சிமெண்ட் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சர்க்கரை சேர்ந்தாலே இறுகுவது பல மணி நேரம் தள்ளிப்போகும். அதனால் முதல் கழுவல் தண்ணீரில் ஒரு கைப்பிடி வெல்லம் கரைத்து வைத்தால் தொட்டி அடியில் வண்டல் இறுகாமல் இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட நாளைய கலவையில் சேரக் கூடாது. வெல்லத் தண்ணீரில் நனைந்த கருவியை நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலச வேண்டும்.

கழிப்பறை கழுவுகிற ஆசிட்டைக் கருவிக்கு ஊற்றாதீர்கள். சிமெண்டைத் தின்கிற ஆசிட் அதே வேகத்தில் இரும்பையும் தின்னும். அலுமினியத்தில் பட்டால் பொங்கும். கழுவிவிட்டோம் என்று நினைத்தாலும் கழுத்து இடுக்கில் தங்கி அடுத்த வாரம் துருவாக வெளியே வரும். ப்ளீச்சிங் பவுடரோடு சேர்ந்துவிட்டால் விஷ வாயு கிளம்பும். ஆசிட் போட்டால்தான் சுத்தமாகும் என்கிற நிலைக்கு வந்த கரணைக்குப் பதில் புதுக் கரணை வாங்குவது மேல்.

துரு பிடித்திருந்தால் 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டு, அலகின் நீளவாக்கில் மட்டும் தேய்த்து, துடைத்து, எண்ணெய் பூசுங்கள்.

ஜிப்சம் பூச்சுக்குத் தனி வாளி

இப்போது உள்சுவருக்கு ஜிப்சம் பூச்சு நிறைய வந்துவிட்டது. சிமெண்ட் பழக்கத்திலேயே அதையும் கையாள்வதால் நிறைய மூட்டை வீணாகிறது. வாளியில் பழைய ஜிப்சம் பொருக்கு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அது புதுக் கலவைக்கு உறை மோர் மாதிரி. ஏற்கெனவே இறுகிய அந்தத் துகள்களைப் பிடித்துக்கொண்டு புதிதாகக் கலந்ததும் வேகமாக இறுகும், சுவருக்குக் கொண்டுபோவதற்குள் வாளியிலேயே கட்டியாகிவிடும். ‘மூட்டை பழசு’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் வாளியின் அடியைப் பாருங்கள். ஒவ்வொரு கலவைக்கும் நடுவே வாளியைக் கழுவியே ஆக வேண்டும். வளைகிற பிளாஸ்டிக் வாளி என்றால் பிழிந்து நெளித்தாலே பொருக்கு உதிரும். இதற்கும் வெள்ளைச் சிமெண்டுக்கும், பெயிண்டுக்கு முன் பூசுகிற பட்டிக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அலகு வைத்துக்கொள்ளுங்கள், சாதா இரும்பின் துருக்கறை வெள்ளையில் மறையாது.

கழுவிய தண்ணீர்

சாக்கடையிலோ குளியலறைக் குழாயிலோ ஊற்றினால் வண்டல் குழாய் வளைவில் இறுகி அடைத்துக்கொள்ளும். வீட்டுக்காரர் குடிவந்து ஆறு மாதம் கழித்து, புதுத் தரையை உடைத்துத்தான் அதைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். மரத்தடியில் ஊற்றினால் அந்தக் காரம் வேருக்கு ஆகாது. ராத்திரி முழுக்கத் தெளிய விட்டு, மேல் தண்ணீரை மறுநாள் முதல் கழுவலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வண்டலைத் தரை நிரப்பும் இடத்தில் கொட்டிப் பரப்பலாம்.

வைப்பதும் மறுநாள் எடுப்பதும்

காலிச் சிமெண்ட் மூட்டைக்குள் கருவியைப் போட்டுக் கட்டி வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் தூள் ஈரத்தை இழுத்து அலகில் ஒட்டும். கரணைகளை ஆணியில் தொங்கவிடலாம், இல்லையென்றால் துணியில் சுற்றித் தனித்தனியாக வைக்கலாம். மழைக்காலத்தில் பத்து நாள் வேலை நின்றால் நடுவில் ஒரு தடவை எடுத்துப் பார்த்து எண்ணெய் போட வேண்டும்.

ஆயுத பூஜைக்குக் கருவிகளைக் கழுவும் நாளை நான் பெரிய சோதனை நாளாகவே வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் தரையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொரு கைப்பிடியையும் ஆட்டிப் பார்த்து, தேய்ந்ததை ஒதுக்கிவிட்டுத்தான் சந்தனம் குங்குமம் வைப்பேன். மறுநாள் அந்தப் பொட்டைத் துடைத்து எடுத்துவிடுங்கள். ஈரச் சந்தனம் இரும்பில் நாள்கணக்கில் இருந்தால் அடியில் வட்டமாகத் துரு பிடிக்கும்.

காலையில் வேலை தொடங்கும் முன் அலகில் இருக்கும் எண்ணெயை உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்து, முதல் சட்டிச் சாந்தில் ஒரு கரணை எடுத்து அலகில் தேய்த்துக் கீழே வழித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் எண்ணெய் அதோடு போய்விடும். மணியாசுக் கட்டையைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவையுங்கள். உலர்ந்த கட்டை பூச்சிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சி, மணலைப் பெயர்த்துக்கொண்டு வரும். அது ஊறுகிற நேரத்தில் நகத்தை அலகின் ஓரத்தில் நுனியிலிருந்து கழுத்து வரை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.